அளவு நோட்டு

விபத்து வழக்குக்காக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது இதைத்தான்: "அந்த டிரைவர் உள்ள போவானா சார்?" நான் நடத்துவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு. அதில் யாரும் உள்ளே போவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தையல்காரரின் மனைவி வந்தார். லாரி மோதி இறந்த கணவருக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். சம்பளச் சீட்டு ஏது? இருந்தது அவருடைய அளவு நோட்டு. தோள், மார்பு, கை நீளம், ஓரத்தில் கூலி. அதையே சான்றாவணமாகப் போட்டு, மாத வருமானம் 12,000 ரூபாய் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

மிச்சக் கணக்கு உச்ச நீதிமன்றம் வகுத்தது. 40 வயதுக்குள், சொந்தத் தொழில் என்றால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்கலாம் என்கிறது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. 16,800 ஆயிற்று. அவரது சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 11,200. வருடத்துக்கு 1,34,400. 2009-இன் சர்லா வர்மா தீர்ப்புப்படி அந்த வயதுக்குப் பெருக்கெண் 15. ஆக, வருமான இழப்பு 20,16,000 ரூபாய்.

இதில் டிரைவர் எங்கே? கவனக்குறைவு நிரூபணமாகும் வரை இருந்தார், அதோடு சரி. வெறித்தனமாக ஓட்டினாரா, ஒரு நொடி கண்ணசந்தாரா என்பதைப் பார்த்துத் தொகை ஏறாது, இறங்காது. கட்டுவதும் இன்சூரன்ஸ் கம்பெனி.

குற்ற வழக்கோ அரசு நடத்துவது. அங்கே சம்பவ இட வரைபடமும், வாகன ஆய்வாளர் அறிக்கையும், கண்ணால் பார்த்த சாட்சியும் பேசும். அளவு நோட்டுக்கு வேலையில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும். எங்களுக்கு, இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால், தையல்காரர் விஷயத்தில் குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையானார், இழப்பீடும் நிலைத்தது.

பிள்ளைகளின் பங்கு வங்கி டெபாசிட்டுக்குப் போன நாளில் அந்த அம்மா கேட்டார்: "தப்பே பண்ணலைன்னு விட்டுட்டாங்க. அப்ப இந்தப் பணம் எதுக்கு சார்?"

சட்டத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். அந்தத் தொகையை டிரைவருக்கு விழும் அடியாக நினைத்தே இத்தனை வாய்தாவுக்கும் வந்திருக்கிறார். அப்படி நினைக்க விட்டது என் பிழை.

இப்போது வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "ரெண்டு கேஸும்மா. அங்க அவன் என்ன செஞ்சான்னு கேப்பாங்க. இங்க உங்களுக்கு என்ன போச்சுன்னு கேப்பாங்க."

வழக்கு முடிந்ததும் நோட்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் மகனின் பள்ளிச் சட்டை அளவு. ஓரத்தில் கூலி போடவில்லை.