மண் தொடும் கைகளும் மார்க்கக் கல்வியும்



பௌத்தத் துறவிகளுக்கு ஆதியில் வகுக்கப்பட்ட ஒழுங்குகளுள் ஒன்று, மண்ணைத் தோண்டக்கூடாது, செடிகொடிகளை வெட்டக்கூடாது என்பதாகும். ஊரார் இடும் உணவே அவர்களுக்கு ஆகாரம். இலங்கையில் வாழும் நம் சகோதரர்கள் இதனை அன்றாடம் கண்டிருப்பார்கள். ஆனால் பௌத்தம் சீனாவுக்குச் சென்றபின், மலைகளில் வாழ்ந்த ஜென் பிரிவினர் தமக்கு வேண்டியதைத் தாமே பயிரிடத் தொடங்கினர். 814-ஆம் ஆண்டில் மறைந்த பாய்சாங் என்னும் ஆசிரியரைப் பற்றி அவர்கள் ஒரு செய்தி சொல்வதுண்டு. முதுமையிலும் அவர் மாணவர்களோடு வயலில் இறங்குவார். மனம் பொறாத மாணவர்கள் ஒருநாள் அவருடைய கருவிகளை ஒளித்துவைத்தனர். அன்று அவர் உணவைத் தொடவில்லை. உழைக்காத நாளில் உண்பதில்லை என்பது அவர் கொள்கை. மாணவர்கள் கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

அந்த மரபின் தொடர்ச்சியை இன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காணலாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பசிபிக் கடலை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கு ஒன்றில் ‘கிரீன் கல்ச்’ என்னும் பண்ணை இருக்கிறது. 1972 முதல் ஜென் பௌத்தர்களின் சிறு சமூகம் அங்கே வாழ்கிறது. விடியுமுன் எழுந்து மௌனமாக அமர்ந்து தியானம் செய்கிறார்கள். பின்னர் சிறிது நேரம் அனைவரும் இடத்தைத் துப்புரவு செய்கிறார்கள். மணி ஒலித்ததும், பாதி பெருக்கிய இடமானாலும் துடைப்பத்தை வைத்துவிடுவது வழக்கம். பகலில் தோட்டம், சமையற்கட்டு என்று வேலைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரசாயன உரமின்றிக் கீரைகளும் காய்களும் விளைவிக்கிறார்கள். தம் உணவுக்குப் போக மிஞ்சுவதை நகரச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

அவர்களுடைய கொள்கை வேறு, நம் ஈமான் வேறு. எனினும் இதனை வாசித்த நாட்களில் என் மனம் எங்கள் மத்ரஸாவின் பின்புறத்திலேயே நின்றது. உளூச் செய்யும் நீர் வீணாகாமல் வாய்க்கால் வெட்டி, அதனை வாழைகளுக்கும் கீரைப் பாத்திகளுக்கும் திருப்பியிருந்தோம். அஸ்ருக்குப் பின் மாணவர்கள் முறைவைத்து அரைமணி நேரம் அங்கே வேலை செய்வார்கள். மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். “ஹஜ்ரத், புள்ளைய ஓதத்தானே அனுப்பினேன்? மம்பட்டி பிடிக்கவா அனுப்பினேன்?” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். மகனாவது அந்த மண்ணிலிருந்து கரையேறட்டும் என்பது அவருடைய ஆசை. அதனை எவ்வாறு குறை சொல்ல முடியும்?

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தேன். அடிமையாக இருந்த அவர்களின் விடுதலைக்கு ஈடாக, முந்நூறு பேரீச்சங்கன்றுகள் நடப்பட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. தோழர்கள் கன்றுகள் கொடுத்துக் குழி தோண்ட உதவினர். நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் அவற்றை நட்டார்கள். மண் வேலை ஒருவனை அடிமையாகவே வைத்திருக்கவும் கூடும், விடுவிக்கவும் கூடும். யார் யாருக்காக, எந்த நிய்யத்தோடு குனிகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அவர் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “வசதியான வீட்டுப் புள்ளைங்களும் செய்யுதா?” அந்தக் கேள்வியே எங்களுக்கு விதியாயிற்று. இப்போது முறைப்பட்டியலில் எல்லா மாணவர்களின் பெயரும் உண்டு, உஸ்தாதுகளின் பெயரும் உண்டு. அரைமணி முடிந்ததும், பாத்தி பாதியில் நின்றாலும், ஓதலுக்குத் திரும்பிவிடுகிறோம். ஏழைப் பிள்ளைகள் மட்டும் மம்பட்டி பிடிக்கும் தோட்டத்தைக் கல்வி என்று சொல்ல இயலாது.

துறவு நம் மார்க்கத்தில் இல்லை. ஆனால் ஹலாலான உழைப்பு நம்மிடம் இபாதத்தாகவே கருதப்படுகிறது. தாவூத் (அலை) தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள். ஸகரிய்யா (அலை) தச்சராக இருந்தார்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்கு ஸதகா ஆகும் என்று நபிமொழி கூறுகிறது. மறுமை நாள் வந்துவிட்டாலும், கையில் கன்றிருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பலனைக் காணமாட்டோம் என்று தெரிந்தும் நடுகிறவனுக்கு அந்தச் செயலே வணக்கமாகிவிடுகிறது.

பெற்றோர்களே, வீட்டில் தோட்டமில்லாவிட்டாலும் ஒரு தொட்டியில் புதினாவோ கறிவேப்பிலையோ வைத்து, அதன் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி நீர் ஊற்றப் பழக்குங்கள். நீங்களும் அருகில் குனியுங்கள். அறிவையும் உழைப்பையும் பிரிக்காத தலைமுறையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.