ஆறு வயசுப் பல்லும் காப்பிச் செடிப் பட்டையும்

வாழவந்தியிலிருந்து பல் வலின்னு ஒருத்தர் சேலத்துக்கு இறங்கினா, அன்னைக்குத் தோட்ட வேலை அவ்வளவுதான். ஏற்காடு போய், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, டோக்கன் போட்டு உட்கார்ந்து, திரும்ப மேலே வரும்போது பொழுது சாஞ்சிருக்கும். அதனால கிராம்பைக் கடிச்சுக்கிட்டே நாளைக் கடத்துவோம். நானும் அப்படித்தான் கடத்தினேன். அதுக்கு விலை கொடுத்தது என் பெரிய பொண்ணு.

அவளுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல்லுல கருப்பு விழுந்துச்சு. "பால் பல்லுதானேங்க, விழுந்து முளைச்சிடும்"னு வீட்டுல சொன்னாங்க. காப்பிப் பழம் எடுக்குற நேரம் வேற, நானும் தலையாட்டிட்டேன். ஒரு ராத்திரி முழுக்க கன்னம் வீங்கி அழுதப்புறம்தான் கீழே தூக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டி, "இது விழுற பல்லு இல்லைங்க, நிரந்தரப் பல்லு"ன்னாங்க. காப்பாத்த முடியலை, பிடுங்க வேண்டியதாப் போச்சு. இன்னைக்கும் அவ ஒரு பக்கமாத்தான் மெல்லுறா.

அன்னைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது. ஆறு வயசு வாக்குல, பால் பற்களுக்கெல்லாம் பின்னாடி, எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்குது. முன்பல் விழுந்தா கூரை மேல போட்டுக் கொண்டாடுற நாம, சத்தமில்லாம வர்ற இதைக் கவனிக்கிறதே இல்லை. பன்னிரண்டு வயசு வாக்குல அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு வரும். ரெண்டும் ஆயுசுக்கும் நிக்க வேண்டியது.

இப்போ சின்னவனுக்கு ஏழு. இந்தத் தடவை வலி வர்றதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போனேன். பல் சுத்தமா இருக்கு, சீலன்ட் போட்டுடலாம்னாங்க. "நல்ல பல்லுக்கு எதுக்குங்கம்மா பூச்சு?"ன்னு கேட்டேன். கடைவாய்ப் பல்லோட மேல்பரப்புல இருக்குற பள்ளங்கள் பல இடத்துல பிரஷ் முடியைவிடக் குறுகலானவை, எவ்வளவு தேய்ச்சாலும் அடிவரைக்கும் போகாதுன்னாங்க. பேஸ்ட்ல இருக்குற ஃபுளோரைடும் வழவழப்பான பக்கங்களைக் காக்குற அளவுக்கு அந்தப் பள்ளங்களைக் காக்காதாம்.

அவங்க சொல்லச் சொல்ல எனக்குக் காப்பிச் செடிதான் ஞாபகம் வந்துச்சு. அராபிகா வச்சிருக்குறவங்களுக்குத் தண்டுத் துளைப்பானைத் தெரியும். நாங்க போரர்னு சொல்லுவோம். அந்த வண்டு பட்டை வெடிப்புலதான் முட்டை வைக்கும். புழு உள்ளே போயிட்டா செடியைப் பிடுங்கி எரிக்கிறதுதான் வழி. அதனால முன்கூட்டியே தேங்காய் மட்டையால தண்டைத் தேய்ச்சு, வெடிச்ச பட்டையை எடுத்துட்டு, சுண்ணாம்புக் கரைசல் அடிப்போம்.

பல்லுலயும் கிட்டத்தட்ட அதே வரிசைதான். முதல்ல சுத்தம் பண்ணி, பாஸ்பாரிக் அமிலம் தடவி மேல்பரப்பைச் சொரசொரப்பாக்குறாங்க. கழுவிக் காயவச்சு, திரவமா இருக்குற பிசினைப் பள்ளத்துல ஓடவிட்டு, நீல வெளிச்சம் காட்டி இறுக வைக்கிறாங்க. ஊசி இல்லை, வலி இல்லை. இரும்புல பெயிண்ட் நல்லாப் பிடிக்க இந்த அமிலத்தைத் தடவுற தொழிற்சாலை வழக்கத்தைப் பார்த்துத்தான், 1955-ல அமெரிக்காவுல மைக்கேல் புவானகோர்னு ஒரு பல் மருத்துவர் இதைப் பல்லுல முயற்சி பண்ணினாராம். சீலன்ட் அதுக்கப்புறம் வந்தது.

எந்த அளவுக்குக் காக்கும்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்ற கணக்கு: கடைவாய்ப் பல் சொத்தையில ரெண்டு வருஷத்துக்கு 80 சதவீதத்தைத் தடுக்கும், நாலு வருஷம் வரைக்கும் 50 சதவீதத்தைத் தடுக்கும். சொத்தையில பத்துக்கு ஒன்பது பின்பற்கள்லதான் வருதுன்னும் அவங்களே சொல்றாங்க. அதனால இது சின்னக் காவல் இல்லை.

ஆனா முழுக்காவலும் இல்லை. ஈரத் தண்டுல அடிச்ச சுண்ணாம்பு எப்படி நிக்காதோ, அப்படியே எச்சில் பட்ட பல்லுல பிசின் நிக்காது. பாதி முளைச்ச பல்லைக் காய வைக்க முடியலைன்னா கிளாஸ் அயனோமர்னு வேறொண்ணு போடுவாங்க. அது ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனா சீக்கிரம் உதிரும். எதைப் போட்டாலும் ஓரம் பெயர்ந்திருக்கான்னு அப்பப்போ பார்க்கணும், பெயர்ந்தா திரும்பப் போடணும். ரெண்டு பல்லுக்கு நடுவுல வர்ற சொத்தையை இது தடுக்காது. அதனால பல் தேய்க்கிறதும் மிட்டாயைக் குறைக்கிறதும் அப்படியே தொடரணும். ஏற்கெனவே குழி விழுந்திருந்தா அடைக்க வேண்டியதுதான்.

நாலு பல்லுக்கும் போட்டு முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகலை. செலவும் பெரியவளுக்கு ஆனதுல சின்னப் பங்குதான். திரும்பி வரும்போது பஸ்ல அவ தம்பியோட வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டு, "எனக்கும் இதைப் போட்டிருக்கலாம்ல அப்பா?"ன்னு கேட்டா. அப்போ எனக்குத் தெரியாதும்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

அவளுக்கு இப்போ பன்னிரண்டாகப் போகுது. அடுத்த கடைவாய்ப் பல் முழுசா மேலே வந்ததும் அவளைக் கூட்டிட்டு இறங்கணும். நீங்க பல் ஆஸ்பத்திரி தெருவுக்குத் தெரு இருக்குற ஊர்ல இருக்கீங்க. வீட்டுல ஆறு, ஏழு வயசுல பிள்ளை இருந்தா, இன்னைக்கு ராத்திரி செல்போன் டார்ச் அடிச்சுக் கடைசிப் பல்லை ஒரு தடவை பார்த்துடுங்க.