சத்தவாலில் இருந்து வந்த ஆசான்

ஹொனலூலு துறைமுகத்தில் சாண்ட் தீவைத் தளமாகக் கொண்ட ஹொகுலேயா என்ற இரட்டைத் தோணியில் ஏறுபவர்களின் கண் முதலில் திசைகாட்டியைத் தேடும். அது இருக்காது. இரண்டு பக்கக் கைப்பிடிகளிலும் பக்கத்துக்கு எட்டாகக் குறிகள் இருக்கும். தோணியின் பின்பக்கம் உட்காரும் வழிகாட்டி அந்தக் குறிகளின் மேலாக அடிவானத்தைப் பார்ப்பார். முன்னும் பின்னுமாக எண்ணினால் 32 திசைகள் வரும். இந்த முறையை வகுத்தவர் ஹவாயைச் சேர்ந்த நைனோவா தாம்சன். அவருக்குக் கடலைக் கற்றுக்கொடுத்தவர் மாவ் பியாய்லுக்.

மாவ் பிறந்தது 1932-ல், மைக்ரோனேசியாவின் யாப் மாநிலத்தைச் சேர்ந்த சத்தவால் தீவில். ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பவளத் தீவு அது. அங்கே இன்றும் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தால் அதிகம். தாத்தா அவரைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கடலோடும் கலைக்கென்று தேர்ந்தெடுத்துவிட்டார். ஓதம் ஏறி இறங்கும் குட்டைகளில் குழந்தையைப் படுக்க வைப்பாராம். தண்ணீர் இழுக்கும் இழுப்பு உடம்புக்குப் பழகட்டும் என்பதற்காக. பதினெட்டு வயதையொட்டி ‘ப்வோ’ என்னும் சடங்கு நடந்து மாவ் ‘பலு’ ஆனார். பலு என்றால் நட்சத்திரத்தைப் பார்த்துத் தோணியை ஓட்டத் தெரிந்தவர் மட்டுமல்ல, ஊருக்கு மீனும் ஆமையும் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் ஏற்றவர்.

சத்தவாலில் பாடம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாயை விரித்து 32 பவளக் கற்களை வட்டமாக வைப்பார்கள். நடுவில் ஒரு சின்னத் தோணி. ஒவ்வொரு கல்லும் ஒரு நட்சத்திரம் அடிவானத்தில் எழும் அல்லது மறையும் இடம். கிழக்குக்கு உரியது நம்முடைய திருவோணம். அதற்கு வடக்கே ரோகிணியும் கார்த்திகையும் எழும். தெற்கே அஸ்தம், கேட்டை, மூலம், கடைசியில் தென்சிலுவை. பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் நமக்குத் தெரிந்தவற்றை அந்தப் பிள்ளைகள் சாலைகளாகக் கற்றார்கள். ஒரு கல்லைத் தொட்டால் அதற்கு நேர் எதிரே மறையும் நட்சத்திரத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தீவிலிருந்து அந்தத் தீவுக்குப் போக எந்த நட்சத்திரத்தைப் பிடிப்பது, திரும்பி வர எதைப் பிடிப்பது என்று ஒப்பிக்க வேண்டும். நட்சத்திரம் மேலே ஏறிவிட்டால் வழிகாட்டப் பயன்படாது. அதே இடத்தில் அடுத்து எழுவது எது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். வானம் மூடிக்கொண்டால் மிஞ்சுவது, தொலைவிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலைகள் தோணியைத் தூக்கிப்போடும் விதம்தான்.

இந்த அறிவு ஹவாயில் முற்றாக அற்றுப்போயிருந்தது. ஹவாய் மக்கள் உட்படப் பாலினேசியர்கள் காற்றிலும் நீரோட்டத்திலும் அடித்துச் செல்லப்பட்டே தீவுகளில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று 1956-ல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற வரலாற்றாசிரியர் எழுதியதைப் பலர் நம்பினார்கள். அதை மறுத்துக் காட்டத்தான் 1973-ல் பாலினேசியக் கடற்பயணச் சங்கம் தொடங்கியது. 1975-ல் ஹொகுலேயா தண்ணீரில் இறங்கியது. தோணிக்குப் பெயர் கொடுத்தது, ஹவாய்க்கு நேர் மேலே வரும் சுவாதி நட்சத்திரம். தோணி இருந்தது, ஓட்டத் தெரிந்தவர் ஹவாயில் இல்லை. மாவை அழைத்தார்கள். 1976 மே 1-ல் ஹவாயின் மாவுயி தீவிலிருந்து புறப்பட்டு, சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து, ஜூன் 4-ல் டஹிட்டியின் பப்பேட்டேவை அடைந்தார்கள். கருவி எதுவும் இல்லாமல், பூமத்திய ரேகைக்குத் தெற்கே துருவ நட்சத்திரமும் மறைந்துவிடும் நீரில், தான் அதுவரை போகாத வழியில் மாவ் கொண்டுபோய்ச் சேர்த்தார். கரையில் ஏறத்தாழ 17,000 பேர் கூடி நின்றார்கள்.

ஆனால் தோணிக்குள் சச்சரவு. மனம் கசந்த மாவ், திரும்பும் பயணத்தில் சேராமல் ஊருக்குப் போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் அவர் பெயர் ஒரு சாதனையாளரின் பெயராக மட்டும் நின்றிருக்கும். 1978-ல் ஹொகுலேயா மொலொகாய் தீவுக்கு அருகே கவிழ்ந்தது. உதவி கேட்டு அலைப்பலகையில் கிளம்பிய, தோணியில் இருந்தவர்களில் ஒருவரான எடி ஐகாவு திரும்பவே இல்லை. அதன்பின் நைனோவா மாவைத் தேடிப் போய்க் கற்றுத்தரும்படி கேட்டார், மாவ் வந்தார். என் கணிப்பில் அவர் வாழ்க்கையில் மிகப் பெரிய செயல் இதுதான். வீட்டுக்குள், ரத்த உறவுக்குள் காத்த வித்தையை வேற்று மொழி பேசும் இளைஞர்களுக்குத் திறந்துகாட்டினார். சொந்த மக்களின் குறைகூறலையும் வாங்கிக்கொண்டார். சத்தவால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கொடுக்காவிட்டால் தன்னோடு போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கற்பித்த முறையில் புத்தகம் இல்லை. விடியற்காலையில் மாணவரைக் கடலோரம் கூட்டிப்போய் மேகத்தைக் காட்டுவார், நாளைய வானிலையைச் சொல்லச் சொல்வார். ஒஆகு தீவின் தென்கிழக்கு முனையில் ஒரு நாள், டஹிட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார். நைனோவா கைகாட்டினார். தீவு தெரிகிறதா என்று அடுத்த கேள்வி. கண்ணுக்குத் தெரியவில்லை, மனத்தில் தெரிகிறது என்றார் மாணவர். அந்தத் தோற்றத்தைத் தொலைத்துவிடாதே என்று சொல்லிக் கிளம்பிவிட்டார் ஆசான்.

1980-ல் டஹிட்டிக்குப் போன பயணத்தில் நைனோவாவே வழிகாட்டி. மாவ் கூடவே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. டஹிட்டிக்கு முன்னால் இருக்கும் துவாமோட்டு தீவுக்கூட்டத்தை நெருங்கியபோது நிலப்பறவைகள் தென்பட்டன, தீவு மட்டும் தென்படவில்லை. இந்தப் பறவைகள் காலையில் தீவை விட்டு மீன் தேடக் கிளம்பும், மாலையில் கூடு திரும்பும். ஒரு காலை தனிப் பறவை ஒன்று பறந்தது. அது வரும் திசையில்தான் கரை என்று நைனோவா தோணியைச் செலுத்தினார். அப்போதுதான் மாவ் குறுக்கிட்டார், அந்தப் பயணத்தில் ஒரே முறை: தோணியைத் திருப்பு, பறவையின் பின்னால் போ. ஒரு மணி நேரத்துக்குள் கரை தெரிந்தது. அந்தப் பறவையின் அலகில் குட்டி மீன் ஒன்று இருந்ததை மாவ் கவனித்திருந்தார். குஞ்சு பொரித்த காலம், காலையிலும் இரையோடு கூட்டுக்குத்தான் போகும்.

தந்தை என்ற பொருளில் ‘பாப்பா மாவ்’ என்று ஹவாய்க்காரர்கள் அவரை அழைத்தார்கள். அவருக்கென்று ஹவாயில் கட்டிய அலிங்கானோ மாய்சு என்ற இரட்டைத் தோணியை 2007-ல் ஹொகுலேயாவோடு ஓட்டிவந்து சத்தவாலில் ஒப்படைத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 18-ல், 56 ஆண்டுகள் நடக்காமல் நின்றுபோயிருந்த ப்வோ சடங்கை மாவ் அந்தத் தீவில் நடத்தினார். பலு ஆன 16 பேரில் ஐந்து பேர் ஹவாய்க்காரர்கள். நைனோவாவும் அவர்களில் ஒருவர்.

மாவ் 2010 ஜூலை 12-ல் சத்தவாலிலேயே காலமானார். மாய்சுவின் பொறுப்பை ஏற்ற மகன் செசாரியோ சேவ்ரலுர், பலாவு சமூகக் கல்லூரியில் இதே பாடத்தை வகுப்பறையில் நடத்தத் தொடங்கினார்.