பதினொரு நாள் வழி

ஓய்வுநாள் பள்ளியில் எனக்குக் கிடைத்த வண்ணப்பட அட்டைகளுள் ஒன்று இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. இருவர் ஒரு தடியைத் தோளில் தாங்கி நடக்கின்றனர். தடியின் நடுவே ஒரே ஒரு திராட்சைக் குலை, தரையைத் தொடுமளவு தொங்குகிறது. சிறு வயதில் அந்தக் குலையின் மேல்தான் என் கண். அதைச் சுமந்து வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

கிறித்தவரல்லாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணாகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் வரும் வரலாறு அது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட இஸ்ரவேலர் கானான் நாட்டின் எல்லையில், காதேசில் வந்து நிற்கின்றனர். ஓரேபிலிருந்து அவ்விடம் பதினொரு நாள் வழிதான். மோசே, கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிருவரை வேவு பார்க்க அனுப்புகிறார். 40 நாள் சுற்றித் திரும்பியவர்களுள் பதின்மர், நாடு செழிப்பானதுதான் என்று ஒப்புக்கொண்டனர். ஆனால் பட்டணங்கள் அரண் சூழ்ந்தவை என்றும், ஏனாக்கின் வழிவந்த நெடியோர் முன் தங்களைத் தாங்களே வெட்டுக்கிளிகளாகக் கண்டதாகவும் கூறினர். அன்றிரவு முழுவதும் மக்கள் அழுதனர். எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்றனர்.

இதில் பொய் எங்கே? அரண் உண்மை, உயரமும் உண்மை. (குடிகளையே விழுங்கும் நாடு என்றும் சொன்னார்களாம். அப்படிப்பட்ட நாட்டில் அத்தனை நெடிய மனிதர் எப்படி வளர்ந்தனர் என்று ஒருவரும் கேட்கவில்லை!) யோசுவாவும் காலேபும் பார்த்தது அதே நாட்டைத்தான். கடவுள் இல்லையென்று பதின்மருள் எவரும் சொல்லவில்லை. குலையைத் தோளில் சுமந்துகொண்டே, முடியாது என்றார்கள், அவ்வளவுதான்.

நாளுக்கு ஓராண்டாக 40 ஆண்டு அலைச்சல் தண்டனையாயிற்று. 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பாலைவனத்திலேயே மடிய வேண்டும். முதல் கணக்கெடுப்பில் போருக்குத் தகுந்த ஆடவர் 6,03,550 பேர். கடைசிக் கணக்கெடுப்பில் 6,01,730 பேர். தொகை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் முதற்கணக்கில் இருந்தவர்களுள் மிஞ்சியவர் யோசுவாவும் காலேபும் மட்டுமே. எனக்கு இவ்வாண்டு 20 நிறைந்தது. அந்தக் கோட்டைத் தாண்டும்போது சற்றே நடுங்கினேன்.

மறுநாள் விடியலில் நடந்ததுதான் என்னை அதிகம் சுட்டது. தவறு செய்தோம், இதோ போகிறோம் என்று மக்கள் மலையேறினர். போகாதீர்கள் என்று மோசே தடுத்தார், கேட்கவில்லை. ஓர்மா வரை முறிய அடிக்கப்பட்டனர். போ என்ற நாளில் போகாதவர்கள், போகாதே என்ற நாளில் போனார்கள்.

பள்ளியிறுதி முடித்த ஆண்டு எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிச் செலவுக்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. நான் சேர்க்கை நாளில் கல்லூரித் தாழ்வாரத்தில் அரைமணி நேரம் நின்றேன். பணம் கட்டாமலே பேருந்து ஏறிவிட்டேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், பையன்கள் பேசுவதும் ஆங்கிலத்தில், நமக்கு ஆகாது என்றேன் வீட்டில். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரண்டு வாரம் கழித்து ரோஷம் வந்து பெட்டியோடு ஓடினேன், சேர்க்கை முடிந்திருந்தது.

கட்டாத பணம் கூரைக்கும் அரிசிக்குமாகக் கரைந்தது. சங்கிலி மீளவில்லை, வட்டி மட்டும் மாதந்தோறும் போயிற்று. அடுத்த ஆண்டுச் செலவுக்காக அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலியாகப் போனாள். காலேபும் யோசுவாவும் ஒரு பிழையும் செய்யாதவர்கள். ஆனாலும் மற்றவர்களோடு அத்தனை ஆண்டும் அந்த மணலில் நடந்தார்கள் என்பதை நான் அவளுடைய கால் வெடிப்பைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். என் மேல் எனக்கில்லாத நம்பிக்கை அவளுக்கு இருந்தது. அதற்கு அவள் கொடுத்த விலை அது.

மறுபடி கல்லூரிக்குப் புறப்பட்ட நாளுக்கு முந்திய மாலை, யோசுவா 14ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வேவு பார்க்கப் போனபோது 40 வயதாயிருந்த காலேப், 85 வயதில் வந்து தன் பங்கைக் கேட்கிறான். அவன் கேட்டது ஏனாக்கியர் குடியிருந்த அதே மலைநாட்டை, எபிரோனை.

“எத்தனை வயசுன்னு போட்டிருக்குய்யா?” என்றாள் அம்மா.

எண்பத்தைந்து என்றேன். எழுந்து போய் என் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.