படத்தில் நாம் எங்கே?

2018-ஆம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு, ஈப்போவில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் இருந்தேன். பள்ளியில் ஓவியப் போட்டி. தலைப்பு '2050-இல் மலேசியா'. வானுயர்ந்த கட்டடங்கள், பறக்கும் கார்கள், கண்ணாடிப் பாலங்கள் என்று தாள் முழுவதும் நிரப்பினேன். மூன்றாம் பரிசும் கிடைத்தது!

பெருமையோடு பாட்டியிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு. இதுல நம்ம ஆளுங்க யாருமே இல்லியேம்மா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வரைந்தவள் நான். என்னை யாரும் தடுக்கவில்லை. பிறகு ஏன் நான் வரைந்த எதிர்காலத்தில் நானே இல்லை?

பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர். பிறகு அந்த மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் போயின, பிரட்டுக் களத்தின் மேல் இன்று வீடமைப்புப் பகுதி நிற்கிறது. எங்கள் குடும்பமும் ஈப்போவுக்கு வந்துவிட்டது. பாட்டி தோட்டத்தைப் பற்றிப் பேசமாட்டார். நாங்களும் கேட்டதில்லை.

பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் 'ஆஃப்ரோஃபியூச்சரிசம்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். ஆப்பிரிக்க வம்சாவளியினர், எதிர்காலத்தின் நடுவில் தங்களையே நிறுத்திப் படைக்கும் கலையும் இலக்கியமும் இசையும்தான் அது. 1993-இல் அமெரிக்கத் திறனாய்வாளர் மார்க் டெரி இந்தச் சொல்லை உருவாக்கியபோது ஒரு கேள்வியையும் எழுப்பினார். கடந்த காலமே வேண்டுமென்று அழிக்கப்பட்ட ஒரு மக்களால் எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியுமா என்பதே அது. அதைப் படித்தபோது, எனக்குப் பாட்டியின் குரல்தான் கேட்டது.

பெயர் வருவதற்கு முன்பே செயல் இருந்தது. இசைக்கலைஞர் சன் ரா, தான் சனிக் கிரகத்திலிருந்து வந்தவன் என்றார். ஆக்டேவியா பட்லர் 1979-இல் எழுதிய 'கிண்ட்ரெட்' நாவலில், 1976-இல் வாழும் ஒரு கறுப்பினப் பெண், தன் முன்னோர் அடிமைகளாக உழைத்த தோட்டத்துக்கே காலத்தைக் கடந்து இழுக்கப்படுகிறாள். 2018-இல் 'பிளாக் பாந்தர்' படத்தைத் திரையரங்கில் பார்த்துக் கைதட்டினோமே, அதற்குப் பின்னால் இத்தனை பெரிய மரபு இருந்தது. 2023-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அந்தப் படத்தின் நாயகன் உடையோடு, 2012-இல் சுட்டுக் கொல்லப்பட்ட 17 வயது டிரேவன் மார்ட்டினின் விமானப் பயிற்சி உடையும் அங்கு வைக்கப்பட்டிருந்தது. அவன் விமானத் துறைக்குப் போக ஆசைப்பட்டவன். ஒரு பிள்ளையின் எதிர்காலம் உடையாக மட்டும் எஞ்சி நின்றது!

அவர்கள் வரலாறும் நம் வரலாறும் ஒன்றல்ல. அவர்கள் விலங்கிட்டு விற்கப்பட்டவர்கள். நம்மவர்கள் ஒப்பந்தத்திலும் கங்காணியின் வாக்குறுதியிலும் கப்பலேறியவர்கள். அடுத்தவர் துயரத்தை நம்முடையது என்று சொல்லிக்கொள்வது நியாயமாகாது. திரைப்படத்தில் கறுப்பு நிறத்தைக் கேலி செய்தால் சிரிக்கும் நமக்கு அந்த உரிமையும் இல்லை. ஆனால், அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் வேலிக்குள் பத்திரமாக நிற்கிறது. மரத்தின் வயது நமக்குத் தெரியும். பால் வெட்டிய கைகளின் பெயர்?

சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஈப்போவில் பதின்ம வயதினருக்கு ஓவியப் போட்டி ஒன்று நடத்தினோம். தலைப்பு நான் கொடுத்தது: 'நூறாண்டுக்குப் பின் நம் தோட்டம்'. அரை மணி நேரம் பல தாள்கள் வெறுமையாகவே கிடந்தன. "அக்கா, தோட்டம்னா எப்படி இருக்கும்?" என்று ஒரு பையன் கேட்டான். என்னிடமும் சரியான பதில் இல்லை.

ஒரு சிறுமி மட்டும் செவ்வாய்க் கிரகத்தை வரைந்தாள். சிவப்பு மண்ணில் நிரை நிரையாய்ப் பால்மரங்கள். விண்வெளி உடையில் ஒரு பெண். நெற்றியில் விளக்கு, கையில் உளி. "இது எங்க பூட்டியோட விளக்கு" என்றாள். வண்ணம் கோட்டைத் தாண்டியிருந்தது. மரங்கள் கோணலாக இருந்தன. நேர்த்திக்கு மதிப்பெண் குறைத்தோம். முதல் பரிசு, சுத்தமாக வரைந்த ஒரு கோபுர நகரத்துக்குப் போனது. அதில் மனிதர்களே இல்லை. நடுவர்களில் நானும் ஒருத்தி. 2018-இல் எனக்குப் பரிசு கொடுத்தவர்கள் செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அன்றிரவு அந்தச் சிறுமியின் ஓவியத்தைக் கைப்பேசியில் பாட்டியிடம் காட்டினேன்.

"உளிய இப்படியா பிடிப்பாங்க? மரம் காயம்பட்டுப் போகும்" என்று தொடங்கினார். வெட்டு எவ்வளவு ஆழம் போகவேண்டும், பால் மங்கில் விழும் சத்தம், ஒட்டுப்பாலின் நாற்றம் என்று நள்ளிரவு வரை பேசினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் கேட்காத கதைகள்!

நடுவில் திடீரென்று கேட்டார்: "அந்த ஊருல மழை பெய்யுமா?"

"பெய்யாது பாட்டி."

"அப்ப நல்ல தோட்டம்தான். மழை பெஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல."

நண்பர்களே, எதிர்காலத்தை வரையச் சொல்லிப் பிள்ளைகளிடம் வெறும் தாளை நீட்டியது என் பிழை. அடுத்த போட்டியில் முதல் ஒரு மணி நேரம் தாத்தா பாட்டிகளுக்கு. அவர்கள் பேசட்டும். வண்ணப் பென்சில்களை அதன் பிறகு கொடுப்போம். உங்கள் வீட்டிலும் கேட்க ஆளிருந்தால், இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.