மாடிப்படியில் கிடந்த வயர்

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸில் ஒரு பிள்ளை வாடகைக்கு இருந்தார். 2021, கொரோனா காலம். கொழும்பு நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை. படியிறங்கும்போது வயர் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. “விபத்து எங்கள் கட்டடத்தில் நடக்கவில்லை” என்று நிறுவனம் கைகழுவியது. சம்பளமும் நின்றது. அப்போதுதான் விடயம் என்னிடம் வந்தது.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அவரது அறைக்குள் நுழையாது. 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பெரும்பாலும் வேலை நேரத்தையும் லீவையும் பற்றியது. மிஞ்சியது 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதுதான் அதன் கேள்வி. கட்டடம் யாருடையது என்று அது கேட்பதில்லை.

நான் படியைப் போய்ப் பார்த்தேன். ரவுட்டர் கீழே வீட்டுக்காரரிடம். அங்கிருந்து நீல வயர் ஒன்று படிகளின் மேலாகவே ஏறி வந்தது. ஒட்டியிருந்த டேப் ஓரிடத்தில் கழன்று, வயர் வளையமாக எழும்பி நின்றது.

“வைஃபை இல்லையோ பிள்ளை?”

“இருக்கு சேர். வைஃபையில கோல் எடுக்கக் கூடாது, வயர்தான் போட வேணுமெண்டு ஒஃபிஸ் மெயில் அனுப்பினது.”

அந்த மெயில்தான் வழக்கு. அழைப்பின் நடுவே இணைப்பு அறுந்ததால் ரவுட்டரை நிறுத்திப் போடவே அவர் இறங்கியிருக்கிறார். அழைப்பு அறுந்த நேரம் நிறுவனத்தின் பதிவிலேயே இருந்தது.

வெளிநாடுகளில் இதுபோன்ற தீர்ப்புகள் உண்டு. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வீட்டிலிருந்து வேலை செய்த டெல்ஸ்ட்ரா ஊழியர் ஒருவர் 2006இல் இரு தடவை படியில் விழுந்தார். ஒரு தடவை இருமல் மருந்து எடுக்கப் போனபோது. மறு தடவை, நிறுவனம் பூட்டி வைக்கச் சொன்ன வாசற்கதவைப் பூட்டப் போனபோது. இரண்டும் வேலையோடு சேர்ந்தவையே என்று 2011இல் தீர்ப்பாயம் ஏற்றது. ஜெர்மனியின் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றமும் 2021 டிசம்பரில், படுக்கையறையிலிருந்து வீட்டு அலுவலகத்துக்கு இறங்கியவரின் விழுகையையும் வேலை விபத்தென்றது. இவை எங்கள் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரைக் கட்டுப்படுத்தா. ஆனாலும் நான் எழுதிய கடிதத்தில் இரண்டையும் சேர்த்தேன். அலுவலக வாடகையையும் மின்கட்டணத்தையும் மிச்சம் பிடித்துக்கொண்டு, முறிந்த கையை மட்டும் ஊழியரின் தலையில் கட்டுவது அநியாயம்.

விசாரணைக்குப் போகுமுன்னரே நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நிறுத்திய சம்பளத்தையும் சிகிச்சைச் செலவையும் தர ஒப்புக்கொண்டது. இன்னொரு நிபந்தனையும் வைத்தேன்: நிறுவனமே ஆளனுப்பி, அந்த வயரைச் சுவரோரமாகக் குழாய்க்குள் விட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் செய்து முடித்த பிறகே கையொப்பமிட்டோம்.