பத்து நாள் வண்டி

வண்டி வாங்குகிறவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நல்ல சாலையை நினைத்து வாங்குகிறவர்கள் ஒரு வகை. கெட்ட சாலையை நினைத்து வாங்குகிறவர்கள் மற்றொரு வகை. கோத்தகிரிப் பக்கத்தில், தார்ச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் மண் பாதைக்கு அப்பால் குடியிருக்கும் நான் இரண்டாவது வகையில் சேர்ந்ததில் வியப்பில்லை. பன்னிரண்டு வருஷங்களாக ஒரு பழைய மாருதி ஜிப்ஸியுடன் குடித்தனம் நடத்தி வருகிறேன்.

இதன் குலம் கோத்திரம் சுவாரஸ்யமானது. 1970-ல் ஜப்பானில் சுஸுகி கம்பெனியார் ஜிம்னி என்ற குட்டி வண்டியை வெளியிட்டார்கள். எஞ்சின் 359 சி.சி.தான். சிறிய கார்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் வகுத்த நீளத்துக்குள் அடங்குவதற்காக ஸ்டெப்னியை வண்டிக்குள்ளேயே வைத்தார்கள். நாலாவது ஆளின் இடம் அதற்குப் போயிற்று! அந்த வம்சத்துப் பிள்ளை 1985-ல் இந்தியாவில் ஜிப்ஸியாக வந்தது. பட்டாளத்திலும் போலீஸிலும் உத்தியோகம் பார்த்தது. பொது விற்பனை 2019-ல் நின்றது. 2023-ல் ஐந்து கதவுள்ள ஜிம்னி அந்த இடத்துக்கு வந்தது.

கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி உண்டு. அதை மாற்றினால் எஞ்சினின் பலம் நாலு சக்கரங்களுக்கும் போகும். ஆனால் உலர்ந்த தார்ச் சாலையில் அதைத் தொடக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது. பின் சக்கரங்களின் வட்டம் சிறிது. இரண்டையும் ஒரே கணக்கில் சுழலச் சொன்னால் வண்டி முறுக்கிக்கொள்ளும். சேற்றிலோ, சக்கரம் சற்றே வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும். ஆகவே இந்த வித்தை கெட்ட நாட்களுக்கு மட்டுமே உரியது.

என் சகதர்மிணியின் வழக்கு இங்கேதான் ஆரம்பம். அடியில் இருப்பது லாரிக்குப் போடுவது போன்ற பட்டை ஸ்பிரிங். பாரத்தையும் பள்ளத்தையும் தாங்கும். பயணியின் இடுப்பை விசாரிக்காது. "வருஷத்தில் பத்து நாள் சேறு. அதற்காக மற்ற முந்நூற்றைம்பத்தைந்து நாளும் நான் குலுங்க வேண்டுமா?" என்பாள். கணக்கில் பிழை இல்லை. இதே வண்டி வைத்திருந்த தேயிலைத் தோட்டத்து நண்பர் ஒருவர், டாக்டர் சொற்படி அதை விற்று மெத்தென்ற கார் வாங்கிவிட்டார். நாங்களும் விற்பதென்று பேசி, விலையும் விசாரித்தாயிற்று.

அந்த நவம்பரில் மழை நாலு நாள் விடவில்லை. ஓர் இரவு கீழ் வீட்டுப் பையன் வந்து நின்றான். "ஐயா, பாட்டிக்கு மூச்சு முட்டுது. ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நிக்குது. உங்க வண்டி இறங்குமா?" என்றான்.

இறங்கியது. தாழ்ந்த கியரில், பிரேக்கை மிதிக்காமல், மனிதன் நடக்கும் வேகத்தில் இறங்கியது. பின்னால் கிழவியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கிழவி பிழைத்து, பத்தாம் நாள் வீடு திரும்பினாள்.

விற்பனைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. இடுப்பு வலி மட்டும் போகவில்லை. இலவம்பஞ்சில் கனமான திண்டு ஒன்று தைக்கக் கொடுத்தாள்.

இத்தகைய வண்டி வாங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் பாதையில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.